தங்கைக்குக் காட்டிய மூன்று நகரங்கள்

1

செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை சுபைதாவின் நிகாஹ்வுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. பரீட்சை இருக்கிறது, பல்கலைக்கழகம் விடாது, தள்ளி வையுங்கள் என்று ஜெர்மனியிலிருந்து வீட்டுக்கு எழுதினேன். அது பொய். கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. கூடப் படித்த இரண்டு பேருடன் ரயிலேறி இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஊர் பார்க்கப் போய்விட்டேன். அந்தக் கல்யாணம் நின்றுபோனது.

ஓர் அண்ணன் வராவிட்டால் கல்யாணம் ஏன் நிற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் முறைப்படி மணப்பெண்ணுக்கு ஒரு வலீ வேண்டும். அவளுக்காக மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்கும் பொறுப்புக்காரர் அவர். தகப்பன் அந்தப் பொறுப்பில் நிற்பார். அவர் இல்லையென்றால் தகப்பனின் தகப்பன், அவரும் இல்லையென்றால் கூடப்பிறந்தவன். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற எங்கள் வாப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அவருடைய வாப்பா அதற்கும் முன்னால். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். தாய்மாமன்மார் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் தாய்வழி இதில் சேராது. நான் அனுமதி கொடுத்தால் அவர்களில் ஒருவர் எனக்குப் பதிலாக நிற்கலாம், அவ்வளவுதான்.

என் கடிதம் கிடைத்ததும் உம்மா மாமாவை அனுப்பி எனக்குத் தந்தி அடித்தார். வர முடியாவிட்டால் மாமாவுக்கு அதிகாரம் கொடுத்து உடனே பதில் அனுப்பு என்பதுதான் செய்தி. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். தந்தி விடுதிக்கு வந்து சேர்ந்தபோது நான் அங்கே இல்லை. எங்கள் கல்யாண விவகாரங்களைத் தீர்த்துவைக்கும் காதியாரிடம் போனால் வேறு வழி கிடைத்திருக்கும். மகன் உயிரோடு இருக்கும்போது காதியாரிடம் போய் நிற்பதா என்று உம்மா மறுத்துவிட்டார். மாப்பிள்ளை அக்குரணையைச் சேர்ந்த ஓர் ஆங்கில ஆசிரியர். தந்திக்குக்கூடப் பதில் போடாத அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அவர் வீட்டார் முடிவுகட்டி விலகிக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் தந்தி பிந்திக் கிடைத்தது என்று எழுதினேன். வீட்டில் எல்லோரும் தபால் கந்தோரைத் திட்டினார்கள். உம்மா கடைசி வரை திட்டிக்கொண்டிருந்தார்.

2

படித்து முடித்து, வேலை கிடைத்து, கண்டியில் கல்யாணம் முடித்து, மனைவியை அழைத்து வந்து, ரைன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊரில் தங்கிவிட்டேன். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறேன். காலையில் ரொட்டிக்கடை, பிறகு ஆற்றோரம் ஒரு நடை, வெள்ளிக்கிழமை என்றால் துருக்கியரின் பள்ளிவாசல். அந்த நாட்டில் ஐம்பது வருடம் இருந்தும் ‘இ’யும் ‘உ’வும் கலந்த அந்த ஜெர்மன் உயிரெழுத்து என் வாயில் சரியாக வராது. ரொட்டிக்கடைப் பெண் திருத்துவாள். நான் நன்றி சொல்வேன். மறுநாளும் திருத்துவாள்.

மகன் ஹம்பேர்க்கில் இருக்கிறான். தமிழில் பேசினால் அவனுக்குப் புரியும், பதில் ஜெர்மனில் வரும். அவனுடைய மகனுக்குப் புரியவும் புரியாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நானும் பேரனும் வானிலை பேசுவோம்.

சுபைதா பிறகு அலுவிகாரையில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவரை மணந்தாள். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். அந்த முறை அதிகாரத்தைத் தபாலில் நேரத்துக்கே அனுப்பி வைத்தேன். நல்ல மனிதர். சில வருடங்களுக்கு முன் காலமானார். அவள் குறையில்லாமல் வாழ்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பழக்கம் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிக்கொள்வேன். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் உற்றார் உறவினர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் ஹஜ்ஜுக்குப் போகும் முன் ஊருக்கு ஒவ்வொருவராக அழைத்து, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். சுபைதாவிடமும் அதே வாக்கியம்தான். "அல்லாவுக்காக மன்னிச்சேன் நானா, நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றாள். எங்கள் பேச்சில் அண்ணன் என்றால் நானா. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு இருபது வருடம் நன்றாகத் தூங்கினேன்.

3

சுபைதாவின் மகள் வழிப் பேத்தி ரிப்கா மேற்படிப்புக்கு ஜெர்மனிக்கு வந்திருக்கிறாள். என் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் அவளுடைய பல்கலைக்கழகம். என்னை "அப்பா" என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் தகப்பன் வாப்பா, பாட்டன்தான் அப்பா. என் தமிழைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு. "காருக்கு இப்ப யாரும் பிளசர்ன்னு சொல்றதில்ல அப்பா. நீங்க ஊரை விட்டு வந்தப்ப இருந்த தமிழையே இன்னும் வெச்சிட்டு ஈக்கிறீங்க."

அவளுடைய வதிவிட அனுமதி முடிந்து, புதிய அட்டை வரப் பிந்தியது. கையில் இருந்த தற்காலிகத் தாளோடு எல்லை தாண்டினால் திரும்பி வருவதில் சிக்கல் வரலாம் என்றார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன்.

"இவர் யார்?" என்று அதிகாரி கேட்டார்.

"பாட்டனார்" என்றாள் ரிப்கா.

"தாயின் தகப்பனா, தகப்பனின் தகப்பனா?"

"தாயின் தாயுடைய அண்ணன்."

"அப்படியானால் நீங்கள் வெளியே இருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். வெளியே இருந்தேன்.

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்பு அட்டை வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ரிப்கா என் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, விடுமுறையில் எந்த ஊர்களுக்குப் போகலாம் என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசிவிட்டேன். முதலில் புளோரன்ஸ், பிறகு வெனிஸ், அங்கிருந்து வியன்னா போனால் ஒரு வட்டமாக வரும். வெனிஸில் அறை எடுக்க வசதியில்லாத மாணவர்கள் ஸ்டேசன் படியில் படுப்பார்கள், பொலிஸ் வந்து எழுப்பும்.

"இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"படிக்கிற காலத்துல போயிருக்கேன்."

அவள் அப்போதே ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டிருந்தாள். திரையில் சுபைதா பிரஷர் குளிசையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"உம்மும்மா, அப்பாக்கு இத்தாலி முழுக்கப் பாடம். படிக்கிற காலத்துல லீவுக்குப் போயிருக்காராம்."

சுபைதா தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "எந்த லீவுக்கு?"

"வேலைக்கு வந்த பிறகு" என்றேன். "பிள்ளை பிழையாச் சொல்றா."

ரிப்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஐம்பது வருடம் கழித்து இன்னொன்று, அதுவும் ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கி. மறுநாள் காலை நானே சுபைதாவை அழைத்தேன்.

"தங்கச்சி, நேத்து நான் சொன்னது பொய்."

"எது?"

"உன்ட நிகாஹ்வுக்கு வராத அந்த லீவுலதான் போனேன்."

"அப்ப பரீட்சை?"

"இருக்கல்ல."

"தந்தி பிந்தி வந்ததுன்னீங்க."

"நேரத்துக்குத்தான் வந்திருந்தது. நான்தான் ரூம்ல இருக்கல்ல."

அவள் வீடு பிரதான வீதியின் ஓரம். யாழ்ப்பாணத்துப் பக்கம் போகும் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"ஹஜ்ஜுக்குப் போறப்ப மன்னிப்புக் கேட்டீங்களே நானா, ஞாபகம் ஈக்கா?"

"ஈக்கி."

"மன்னிச்சேன்னு சொன்னேன். என்னத்துக்குன்னு தெரியாமக் குடுத்தது அது. இப்பத் திருப்பி எடுக்கிறேன்."

அவள் வைத்துவிட்டாள்.

4

பிறகு இரண்டு வாரம் என் அழைப்பை அவள் எடுக்கவில்லை. மகனிடம் விசயத்தைச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான். அவள் ஏன் தன் கல்யாணத்துக்குத் தானே கையெழுத்துப் போடவில்லை? சட்டம்தான் பிழை என்றான். அதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் அப்படித்தான் என்று தெரிந்துகொண்டே ரயிலேறியவன் நான்.

ஒரு சனிக்கிழமை ரிப்கா வந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"உம்மும்மா எல்லாம் சொல்லிட்டாங்க. எனக்கு உங்க மேல கோவம் ஈக்கி. அதை அப்புறம் பேசுவோம். இப்ப ஒரு விசயம். நீங்க அன்னைக்குப் போன ஊரையெல்லாம் அவங்களுக்குக் காட்டணுமாம். அதே வரிசையில. நான் போனைப் பிடிக்கணுமாம், நீங்க பக்கத்துல நின்டு சொல்லணுமாம்."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்காக வராம இருந்தீங்கன்னு அவங்களுக்குப் பாக்கணுமாம்."

என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. நான் சம்மதித்தேன். சுபைதா என்னிடம் எதையும் கேட்டு வெகுகாலமாகிறது.

புளோரன்ஸில் வெயில் தார் உருகும்படி அடித்தது. ஆற்றுப் பாலத்தில் சனக்கூட்டத்தின் நடுவே நின்று ரிப்கா போனை உயர்த்தினாள்.

"இங்க என்ன செஞ்சீங்க?" சுபைதாவின் குரல் வெளிநாட்டவர் அலுவலக அதிகாரியின் குரலைப் போல இருந்தது.

"பாலத்தப் பாத்தோம். பிறகு அந்தக் கரையில இருந்து சிவப்பு வத்தகப்பழம் கீறு கீறா வெட்டித் தின்டோம்."

"வத்தகப்பழமா? தம்புள்ளைல லொறி லொறியாக் கொட்டிக் கிடக்கு. அதைத் தின்னவா அம்பிட்டுத் தூரம் போனீங்க?"

ரிப்காவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். சுபைதா சிரிக்கவில்லை. அந்த நேரம் வீட்டில் பணியாரம் சுட மாமிமார் வந்து இறங்கியிருந்ததைச் சொன்னாள். யார் யார் வந்தார்கள், யார் மாவைக் கெடுத்தது என்பதுவரை சொன்னாள். அதன் பிறகு ஒவ்வோர் ஊரிலும் அப்படித்தான் நடந்தது. நான் இங்கே என்ன செய்தேன் என்று கேட்பாள், அங்கே அன்று என்ன நடந்தது என்று சொல்வாள். என் நாட்களை நான் மறந்திருந்தேன். அவள் தன்னுடையதில் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

வெனிஸில் ஸ்டேசனுக்கு வெளியே வந்து வாய்க்காலைக் காட்டினோம்.

"வெள்ளம் வந்த ஊருக்கா போன நீங்க? எங்க படுத்தீங்க?"

"இந்தப் படியிலதான்."

"படியிலயா?" என்றாள். "நீங்க வருவீங்கன்னு உம்மா இலவம்பஞ்சு வாங்கிப் புது மெத்தை தெச்சு வெச்சிருந்தாங்க."

படிகளில் பலர் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

"அந்த அக்குரணை மாஸ்டர், மாமிக்கிட்டச் சொல்லி அனுப்பினது உங்களுக்குத் தெரியுமா நானா?"

"தெரியாது. என்ன சொன்னாரு?"

"காவின் எழுதிக் கல்யாணம் முடிஞ்சதும் என்னை மறுபடி பள்ளிக்கூடத்துல சேர்க்கிறேன்னு. நான் நிப்பாட்டி ஒரு வருசம்தானே. படிச்சு டீச்சராகலாம்னு. அதைக் கேட்டுத்தான் நான் ஓ சொன்னேன். அவரோட முகத்தக்கூட நான் சரியாப் பாக்கல்ல."

இது எனக்குத் தெரியாது. அவள் ஒரு மாப்பிள்ளையை இழந்தாள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதற்கு ஈடாக வேறொரு நல்ல மாப்பிள்ளை கிடைத்தார் என்று கணக்கை முடித்திருந்தேன்.

ரிப்காவுக்கும் அது புதிது. "நீங்க ஏன் இதை எங்க யாருக்கும் சொல்லல்ல உம்மும்மா?"

"சொல்லி? உங்கட இரும்புக்கடை அப்பாவப் பிழையா நினைக்கவா? நல்ல மனுசன் அவரு. போனைத் திருப்புங்க மகள், அந்தத் தோணியப் பாப்பம்."

அன்று ரயிலில் ரிப்கா வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு, "பாதியில உங்களை விட்டுட்டுப் போயிருப்பேன் அப்பா. டிக்கட் காசு திருப்பித் தரமாட்டாங்க" என்று சொல்லி, வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியை நீட்டினாள்.

5

நிகாஹ் நாளன்று நான் வியன்னாவில் இருந்தேன். அரண்மனையைக் காட்டினால் போதும் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அரண்மனை என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் அவள் கேட்டது வேறு.

"பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதானே நிகாஹ்வுக்கு நேரம் வெச்சிருந்தாங்க. அந்த நேரம் எங்க இருந்தீங்க?"

அதனால் அங்கேதான் போக வேண்டியிருந்தது. வியன்னாவில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. அதில் ஓர் இராட்சத ராட்டினம். பெட்டி பெட்டியாகத் தொங்கும், ஒவ்வொரு பெட்டியிலும் பத்துப் பேருக்கு மேல் நிற்கலாம். ஆமை போலச் சுற்றும். அன்று நானும் நண்பர்களும் சீனியில் வறுத்த பாதாம் வாங்கித் தின்றபடி அதில் ஏறினோம்.

இம்முறையும் ஏறினோம். எங்களோடு ஒரு ஜப்பானியக் குடும்பம். பெட்டி மெதுவாக மேலே போனது. மரங்கள் கீழே இறங்கின, பிறகு கூரைகள், பிறகு தேவாலயக் கோபுரம். ரிப்கா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"இதுலதான் இருந்தீங்களா?" என்றாள் சுபைதா கடைசியில்.

"ஓ."

"அந்த நேரம் பந்தல்ல கட்டின சேலையெல்லாம் அவுத்துட்டு இருந்தாங்க. நான் உள்ளுக்க இருந்து பாத்தேன். மாமா ஏணியில நின்டு உங்களைத் திட்டல்ல. உங்களுக்கு ஏதோ ஆகிட்டு, அதான் பதில் இல்லன்னு அழுதாரு. நானும் உங்களுக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னு துஆ கேட்டேன்."

பெட்டி உச்சியில் நின்றது. கீழே ஆட்கள் ஏறி இறங்குவதற்காக அப்படி நிற்பது வழக்கம். ஜப்பானியக் குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"மகள், ஊரைப் பாத்தது போதும். அவர்ட மூஞ்சக் காட்டுங்க."

ரிப்கா போனை என் பக்கம் திருப்பினாள். திரையில் தெரிந்த சுபைதா கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாக இருந்தன. என்னை நன்றாகப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கு இதுல ஏறினப்ப சந்தோசமா இருந்தீங்களா நானா?"

இல்லை என்று சொல்லலாம். மனசு குத்தியது, உன் நினைவாகவே இருந்தேன் என்று சொல்லலாம். அவளும் கேட்டு ஆறுதலடைந்திருக்கலாம்.

"ஓ. சந்தோசமா இருந்தேன். உங்க யாரையும் நான் நினைக்கவே இல்ல."

சுபைதா தலையை ஆட்டினாள்.

"இதை மட்டும்தான் பொய் இல்லாமச் சொல்லியிருக்கீங்க. சரி, கவனமா இறங்குங்க. கால் சரியில்லன்னு சொன்னாளே பிள்ளை."

6

அந்தப் பயணத்துக்குப் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கத் தொடங்கினாள். பேசுவது மருந்து, மழை, மரக்கறி விலை. ரிப்காவின் படிப்பு எப்படிப் போகிறது என்று துருவித் துருவிக் கேட்பாள். என்ன பாடம், யார் படிப்பிக்கிறார்கள், எத்தனை மணிக்கு வகுப்பு. மற்ற விசயத்தை அவள் எடுக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. இந்த வயதில் அவளுடைய மன்னிப்பைத் தொலைபேசியில் காத்திருந்து வாங்குவதற்கு நேரம் போதாது என்று நினைத்தேன். அவள் முன்னால் போய் நின்று கேட்பதுதான் முறை என்று முடிவுசெய்து டிக்கட் எடுத்தேன். பிறந்த நாட்டுக்குப் போக எனக்கு விசா வேண்டும். விமான நிலையக் கவுண்டரில் இருந்த பையன் என் ஜெர்மன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, சுற்றுலாவா என்று சிங்களத்தில் கேட்டான். ஆம் என்றேன்.

இதை எழுதுவது அலுவிகாரை வீட்டின் மேல் அறையில். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வந்து ஒரு வாரமாகிறது. முதல் நாள், பெட்டியை இறக்கிவைத்த கையோடு அவளிடம் கேட்டேன். எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பெயர் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். எழுதாத பதில், தபால் கந்தோர் மேல் போட்ட பழி, மாமாவின் அழுகை, அவள் போகாத பள்ளிக்கூடம். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள்.

"இப்ப ஏலா நானா" என்றாள். "குடுத்துட்டேன்னு வாயால சொல்லலாம். மனசுல இல்லாமச் சொன்னா அதுவும் பொய்தானே."

"எப்ப ஏலும்?"

"தெரியாது."

அதன் பிறகு ஒரு வாரமாக அவள் வீட்டில் வேளைக்கு உண்கிறேன். உப்பைக் குறைத்துச் சமைக்கிறாள். பின்னேரம் இருவரும் முன்னறையில் உட்கார்ந்து வீதியைப் பார்க்கிறோம். இடைக்கிடை ரிப்கா அழைத்துத் தன் பாடங்களை ஒப்பிக்கிறாள். சுபைதா பாதி புரியாமலே முழுவதையும் கேட்கிறாள்.

இன்று காலை எனக்குத் தாங்கவில்லை. மன்னிக்காதவள் கையால் இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது கூச்சமாக இருந்தது. டவுனில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"மன்னிப்பு வேற, சோறு வேற நானா" என்றாள். "ஆறுது, வாங்க."